மனநல டாக்டர் எங்கே படிக்க வேண்டும்?



வால்பாறையில் எஸ்டேட் லைன் வீடு ஒன்றில் ஒருவருக்கு மனசு சரியில்லாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டுவிட்டது, சோறு இறங்கவில்லை, யாரோ தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதாகக் காதில் விழுகிறது. வீட்டார் முதலில் கோயிலுக்குப் போவார்கள், அப்புறம் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்பார்கள். ஆழியாறு இறங்குவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சிக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து இன்னொரு பஸ். ஏற்கெனவே மிரண்டுபோயிருக்கிறவரைக் கூட்டத்தில் உட்கார வைத்து இறக்க வேண்டும். துணைக்கு ஒருவர் போக வேண்டும். இரண்டு பேர் கூலியும் போச்சு. மாத்திரை பிடித்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். மறுபடி வரச் சொல்வார்கள். மறுபடி அதே 40 வளைவுகள். எத்தனை பேர் போவார்கள்?

இந்த இதழில் மனநல மருத்துவர்களின் படிப்பைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பஸ்தான். "படிப்புக்கும் பஸ்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மனநல மருத்துவப் படிப்பை நவீனமாக்க வேண்டும் என்ற பேச்சு உலகெங்கும் நடக்கிறது. இங்கிலாந்தில் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2016இல் மூளை அறிவியலைப் பாடத்திட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவரும் பெரிய முயற்சியைத் தொடங்கியது. நரம்பணு, மரபணு, ஸ்கேன், கணினி என்று பட்டியல் நீள்கிறது. இதிலெல்லாம் எனக்கு மறுப்பில்லை. மனநோய் மூளையிலும் நடக்கிற விஷயம்தான். அதைப் படிக்காத மனநல மருத்துவர் பாதி மருத்துவர். ஆனால் நம் ஊரில் நவீனம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு மிஷின் வாங்கி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. என்ன படிக்கிறார்கள் என்பதோடு, எங்கே உட்கார்ந்து, யார் முகத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்பதையும் மாற்றாமல் இந்தப் படிப்பு நவீனமாகாது என்பது என் கட்சி.

படிக்கிற இடம் மாறினால் மருத்துவமே மாறும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. பல பத்தாண்டுகள் மதராஸ் டாக்டர்கள் மனநோயைக் கண்டது அந்த மதிலுக்குள்தான். உள்ளே வந்தவர் திரும்பாத இடத்தில் படிக்கும் டாக்டர், மனநோய் என்றால் திரும்பாத நோய் என்றுதானே கற்பார்? நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961இல் அங்கே கண்காணிப்பாளரானார். 1978 வரை இருந்தார். அவர் படித்தது பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தில். அதுதான் பிற்பாடு நிம்ஹான்ஸ் ஆனது. புறநோயாளிகள் வந்து போகிற பிரிவு, வேலை கற்றுக் கொடுக்கும் கூடம் என்று மதிலில் ஒவ்வொரு கதவாகத் திறந்தார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார்.

வேலூரில் இன்னொரு கதவு. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் திறந்த மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் வந்து தங்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார்.  இப்படிப்பட்ட இடத்தில் பயின்ற மாணவருக்கு நோயாளியின் கதையை ஒரு தாயோ மனைவியோ பக்கத்தில் இருந்து திருத்திக்கொண்டே இருப்பார்கள். "அவன் சொல்றது சரியில்லீங்க டாக்டர், மூணு மாசமா மாத்திரையே திங்கறதில்ல" என்று ஒரு அம்மா குறுக்கே பேசுவது எந்தப் பேராசிரியருடைய வகுப்புக்கும் குறைந்ததில்லை.

இப்போது நடப்புக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். படிக்கிறவருக்கு மனநல மருத்துவம் ஒரு ஓரத்துப் பாடம். தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத் தாளில் ஒரு மூலையில் கேள்வி வரும், அதை விட்டுவிட்டாலும் தேறிவிடலாம். 2019இல் வந்த திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியது. பிறகு பயிற்சி மருத்துவராக இருக்கும் ஆண்டில் இரண்டு வாரம் மனநலப் பிரிவில் கட்டாயமாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் மலை மேல் இருக்கிற டாக்டரிடம் வருகிறவர்களில் எத்தனை பேருடைய வலிக்கு வேர் மனதில் இருக்கிறது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் போதுமா என்று அவர் சொல்வார்.

எம்.டி. மனநல மருத்துவம் மூன்று ஆண்டு. நான்கு தாள், ஒரு ஆய்வேடு, கடைசியில் நோயாளியைப் பரிசோதித்துத் தேர்வாளர் முன் ஆங்கிலத்தில் ஒப்பிப்பது. படிப்பது பெரும்பாலும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே வந்து சேர்கிறவர்கள் யார்? நோய் முற்றியவர்கள், பஸ் பிடிக்க முடிந்தவர்கள், கூட்டி வர ஆள் இருப்பவர்கள். மீதிப் பேரை மாணவர் பார்ப்பதே இல்லை. நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயின் வகையைப் பொறுத்து 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சைக்கே வரவில்லை என்று தெரிந்தது. வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடமிருந்து எப்படிப் படிப்பது? நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. முக்கால் பேர் என்று கணக்கு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 71,000 பேர் இருந்த வால்பாறைக்கு அந்தக் கணக்கில் அரை டாக்டர் வரும். அந்த அரை டாக்டரும் கோவையில்தான் இருப்பார்.

அந்த மலையில் ஒரு மனநல மாணவர் மூன்று மாதம் இருந்தால் என்ன கற்பார்?

முதலில், மருந்துச் சீட்டு எழுதக் கற்பார். சிரிக்காதீர்கள். லித்தியம் என்ற மருந்து, உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மனம் ஆடுகிற நோய்க்கு அருமையான மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கூடினால் நஞ்சு. அதனால் இடைவெளி விட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க வியர்த்துத் தண்ணீர் குடிக்க மறந்து கொழுந்து பறிக்கிறவருக்கு அந்த அளவு ஏறிவிடும் ஆபத்து கூடுதல். குளோசாபின் இன்னும் கறார்: வேறெந்த மருந்துக்கும் அசையாத மனச்சிதைவுக்குக் கொடுப்பது, ஆனால் முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணுக்களை எண்ண வேண்டும். மருந்தியல் தாளில் இதையெல்லாம் எழுதி நூற்றுக்கு எண்பது வாங்கிவிடலாம். வாராவாரம் எந்த லேபில், யார் செலவில், எந்த பஸ்ஸில் என்பது தாளில் வராது. இரவு கொடுக்கும் மாத்திரையின் மயக்கம் காலை வரை நீளும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். விடியற்காலை இருட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, அதுவும் சிறுத்தையும் யானையும் நடமாடும் தடத்தில், அந்த ஒரு வரி உயிர்ப் பிரச்சினை. எந்த நேரத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதை அந்தத் தடத்தில் ஒரு காலை நடந்து பார்த்த டாக்டர் வேறு மாதிரி முடிவு செய்வார்.

இரண்டாவது, பயத்தைக் கற்பார். 2025இல் ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் சிறுமியைச் சிறுத்தை தூக்கிப் போனது. பத்திரிகைகள் எழுதின, கூண்டு வைத்தார்கள், இழப்பீடு அறிவித்தார்கள். அந்தத் தாய்க்கு மனநல மருத்துவம் எந்த மொழியில் கிடைக்கும்? இங்கேயிருந்த இளவட்டங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். 2001இல் 90,000க்கும் மேல் இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் சுமார் 71,000ஆகச் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காலியான லைன் வீடுகளில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. மீதமிருப்பது பிள்ளைகள் போன வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள். காட்டுக்குள் காடர், முதுவர், மலசர் குடியிருப்புகள். ஒரே மலையில் இத்தனை விதமான துக்கம். எவருக்கும் அது மனச்சோர்வு என்ற பெயரோடு வருவதில்லை. "மேலுக்குச் சரியில்லீங்க, கை காலெல்லாம் ஓயுது, நெஞ்சு படபடங்குது" என்றுதான் வரும். சின்னக்கல்லாறு பக்கம் மழை பிடித்தால் நாள்கணக்கில் வெளியே தலை காட்ட முடியாது. அந்த மாதங்களில் குடி எப்படி ஏறுகிறது என்பதையும் கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த மலையில் தங்கிக் கற்ற டாக்டர் ஒருவர் இருந்திருக்கிறார். பி.எச். டேனியல். 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலைக்கு வந்தவர். வயதான தொழிலாளிகள் சொன்ன கதைகளைக் கேட்டுக்கேட்டு, கங்காணிகளின் ஆசை வார்த்தையில் மயங்கி மலை ஏறியவர்களின் வாழ்வை ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலாக 1969இல் எழுதினார். நாம் அதை இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என்று படித்திருக்கிறோம். அவர் மனநல மருத்துவர் இல்லை. ஆனால் காய்ச்சலுக்கு வந்தவரிடம் காய்ச்சலை மட்டும் கேட்டு அனுப்பியிருந்தால் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்காது. மனநல மாணவர்களுக்குப் பாடநூல் பட்டியல் போடுகிறவர்கள் இந்த நாவலையும் அதில் சேர்த்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

இதெல்லாம் ஆசிரியரின் ஆசை என்று தள்ளிவிட வேண்டாம். வழி ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. 2021இல் சேர்ந்தவர்கள் தொடங்கி, எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணி செய்தாக வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966இலிருந்து இருக்கிறது. தனியார் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. அவற்றில் மனநலம் படிக்கிறவர்கள் பொள்ளாச்சி வரை வந்துவிட்டால், மலை அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மூன்று மாதத்தில் ஒரு பகுதியை வால்பாறை அரசு மருத்துவமனையிலும் எஸ்டேட் ஆஸ்பத்திரிகளிலும் கழிக்க ஏற்பாடு செய்வது ஒரு சுற்றறிக்கை வேலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாணவரை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆசிரியர் கோவையிலேயே இருந்தால் அது பயிற்சி ஆகாது. காலியிடத்தை மலிவாக நிரப்புவது ஆகும். இந்தத் திட்டத்தைப் பற்றி மாணவர்களிடம் இருக்கும் கசப்பும் அதுதான். ஆய்வேடு பாதியில் நிற்க, தங்க அறையில்லாமல், கற்றுத்தர ஆளில்லாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டு வருவதில் யாருக்கு லாபம்? சாயங்காலம் ஒரு மணி நேரம் மூத்தவர் ஒருவர் வீடியோவிலாவது உட்கார்ந்து, "இன்னைக்கு யாரைப் பார்த்தீங்க, அவங்ககிட்ட என்ன கேட்டீங்க, எது கேட்காம விட்டீங்க?" என்று பேச வேண்டும். சிக்னல் கிடைக்காத எஸ்டேட்டில் அதுவும் நடக்காது என்பது வேறு கதை.

மூத்தவர் என்று சொல்லும்போது டாக்டர்களை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ராயல் கல்லூரி 2005இலேயே, மனநல மருத்துவம் பயில்கிறவர்களுக்கு நோயாளிகளும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் நேரடியாகப் பாடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம்மூரில் நோயாளியை மாணவர்கள் நடுவே உட்கார வைத்துக் கேள்வி கேட்போம். அவர் கேள்வி கேட்க நாம் பதில் சொல்வதில்லை. மனச்சிதைவு உள்ள பிள்ளையை இருபது வருஷமாக வைத்துக் காப்பாற்றிய ஒரு தாய், மாதம் ஒருமுறை கல்லூரிக்கு வந்து வகுப்பெடுத்தால், அதற்குப் பேராசிரியருக்குக் கொடுப்பது போல ஒரு தொகையும் கொடுத்தால், எந்த விதி தடுக்கும்?

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தன் நோயாளி ஒருத்தியைத் தற்கொலையில் இழந்தார். அவரைப் பார்க்க வருவதற்கு அந்தக் குடும்பத்திடம் பஸ் காசு இல்லை. நாட்டுக்கே பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவர்கள் இருந்த காலம் அது. அவர் 2006இல் ஹராரேயில் மருத்துவமனை வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, அக்கம்பக்கத்துப் பாட்டிகளுக்குப் பேச்சு மருத்துவத்தில் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார். அந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் 2010இலிருந்து பஸ்ஸையே ஆஸ்பத்திரி ஆக்கி, திரை வழியாகச் சென்னை மருத்துவரைப் பேச வைத்தது. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே டாக்டர் தயா சோமசுந்தரம் தமிழிலேயே பயிற்சி நூல் எழுதி, ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் மனநலம் கற்றுக் கொடுத்தார். சிபாண்டாவும் சோமசுந்தரமும் காட்டியது ஒன்றுதான்: மனநல மருத்துவரின் வேலையில் பாதி, பிறருக்குக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பாதிக்கு நம் எம்.டி. படிப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது? கிராமச் செவிலியருக்கு, எஸ்டேட் நல அலுவலருக்கு, பள்ளி ஆசிரியைக்கு, ஏன், கோயில் பூசாரிக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று ஒரு நாள் வகுப்பாவது?

பூசாரி என்றதும் முகம் சுளிக்கிற டாக்டர்கள் உண்டு. ஏர்வாடி தர்கா ஊரில் ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நினைத்தால் அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 நோயாளிகளை ரகுராம் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் கவனித்து, அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே அன்பான இடமும் குடும்பமும் இருந்தன. எந்த இடத்தில் கதவைத் தட்டிப் பேச வேண்டும், எந்த இடத்தில் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று பிரித்தறியக் கற்பதும் மனநலப் படிப்புதான்.

அரசுக்குக் கெடுவும் நெருங்குகிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29இல் அமலுக்கு வந்தது. அதன் 31ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியிலும் சிறையிலும் பணி செய்யும் எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசரச் சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களைப் பத்தாண்டுக்குள் எட்ட முயல வேண்டும். அந்தப் பத்தாண்டு 2028 மே மாதம் முடிகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நாட்டிலேயே இரண்டாவது இடம். (இந்த விஷயத்தில் எழுதுகிறவர்களான எங்களுக்கும் பயிற்சி தேவை. எப்படிச் செத்தார் என்று படம் போட்டு விளக்கக்கூடாது என்று பிரஸ் கவுன்சில் 2019இல் நெறிமுறை வகுத்தது. தினமும் அது மீறப்படுவதைப் பார்க்கிறீர்கள்.)

நம் வாசகர்களில் மனநலம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய பெற்றோர் இருக்கிறார்கள், மலையில் செவிலியராக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மாவட்ட உறைவிடப் பயிற்சிக்கு நீங்கள் எங்கே அனுப்பப்பட்டீர்கள், அங்கே யார் உங்களுக்குக் கற்றுத் தந்தார்கள், தங்க இடம் கிடைத்ததா என்று எழுதுங்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், ஒரு மனநல மாணவர் வந்தால் முதல் வாரத்தில் அவரை எங்கெல்லாம் கூட்டிப் போவீர்கள் என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். கிடைப்பதைத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம், கோவையிலுள்ள கல்லூரிகளின் மனநலத் துறைகளுக்கும் அனுப்பி வைப்போம்.

அதுவரை உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ மனசு தாங்காமல் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இந்த இதழின் பின்னட்டையில் எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறோம்; லைன் வீட்டுச் சுவரிலோ டீக்கடையிலோ வெட்டி ஒட்ட வசதியாக மற்றப் பக்கத்தில் எதுவும் போடவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்